மாநாட்டுக்குப் போகிறவர் ஊரையும் பார்க்கட்டும்

ஏரியும் மலையுமாக இருக்கிற ஊரில் ஆய்வு மாநாடு என்று சொன்னால் போதும், "ஓ, டூர் போறீங்களா?" என்று கேட்க நான்கு பேர் வந்துவிடுவார்கள். போகிறவரும் கூச்சப்பட்டு, "ஐயோ, ஹாலை விட்டு வெளியே வரவே நேரம் இருக்காது" என்று சமாளிப்பார். அப்புறம் அங்கே போய் இரண்டாம் நாள் மதியமே அமர்வைப் பாதியில் விட்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு நழுவுவார். இந்த ஒளிவுமறைவு எதற்கு? ஊர் பார்க்கிற நேரத்தைப் பயணத் திட்டத்திலேயே எழுதிவிடலாம். அதுவும் மாநாட்டு வேலையில் சேர்ந்ததுதான் என்பது என் கட்சி.

மாநாடு நடத்திப் பழகியவர்களுக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஓபர்வோல்ஃபாக் என்ற கணித ஆய்வு மையம் 1944 முதல் இயங்குகிறது. உலகின் பெரிய கணிதக்காரர்கள் வாரக்கணக்கில் கூடுகிற இடம். அங்கே புதன்கிழமை மதியம் உரை கிடையாது. எல்லோரும் சேர்ந்து மலைப்பாதையில் நடக்கப் போவது வழக்கம். சாப்பாட்டு மேசையிலும் இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார முடியாது. கை துடைக்கும் துணியை வைக்கிற, அவரவர் பெயர் எழுதிய உறைகளை இடம் மாற்றி மாற்றி வைத்துவிடுவார்கள், பழகிய ஆட்களே ஒட்டிக்கொண்டு உட்காராமல் இருக்க. கார்டன் ரிசர்ச் கான்ஃபரன்ஸ் என்ற புகழ்பெற்ற அறிவியல் மாநாட்டுத் தொடரிலும் காலையிலும் இரவிலும்தான் உரை. மதியம் ஓய்வுக்கு நேரம் விட்டுவிடுவார்கள்.

காரணம் எளிது. உரையைப் பிறகு காணொளியில் பார்த்துக்கொள்ளலாம், கட்டுரையைப் படித்துக்கொள்ளலாம். கூடவே நடந்துவருகிறவரிடம் "அந்த மூன்றாவது படத்தில் ஏன் வளைவு திடீரென்று கீழே போகிறது?" என்று கேட்பதற்கு அங்கே இருந்தாக வேண்டும். 1927 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே இயற்பியல் மாநாட்டில் ஐன்ஸ்டைன் காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிக்கலைப் போடுவாராம். இயற்பியலாளர் நீல்ஸ் போர் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்குள் பதிலோடு வந்துவிடுவாராம். கூட இருந்த இன்னொரு இயற்பியலாளர் ஹைசன்பர்க் பின்னாளில் சொன்னது இது. அச்சான மாநாட்டுத் தொகுப்பில் இந்தச் சண்டையின் பெரும்பகுதி கிடையாது. குவாண்டம் இயற்பியலின் புகழ்பெற்ற விவாதமே விடுதிச் சாப்பாட்டு மேசையில் நடந்தது என்றால், நாம் மட்டும் ஏன் ஹாலுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும்?

ஆனால் தயாரிப்பு என்று வந்துவிட்டால் பலருக்கும் ஸ்லைடு மட்டும்தான் கண்ணில் படுகிறது. எழுத்துரு என்ன, பின்னணி நிறம் என்ன என்று விமானத்திலும் மடிக்கணினியைத் திறந்து வைத்திருப்பார்கள். பேச 12 நிமிடம், கேள்விக்கு 3 நிமிடம் கிடைக்கும் உரைக்கு இது கொஞ்சம் அதிகம். ஒருமுறை சத்தமாகப் பேசிப் பார்த்து நேரம் பிடியுங்கள், பிடிஎஃப் ஆக ஒரு நகலைப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், விட்டுவிடுங்கள். மிச்ச நேரத்தில் நிகழ்ச்சி நிரலை எடுத்து வைத்து, யாரெல்லாம் வருகிறார்கள் என்று பாருங்கள். அதில் இரண்டு மூன்று பேரின் சமீபத்திய பேப்பரை உண்மையாகவே படியுங்கள். "உங்கள் கட்டுரையில் இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம், மாநாட்டில் பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று முன்கூட்டியே மின்னஞ்சல் போடுங்கள். பெரிய பெயர்கள் பதில் போடாமல் போகலாம். அவர்களுடைய ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் போடுவார்கள், பல நேரம் அவர்களிடம்தான் விஷயமும் இருக்கும்.

போஸ்டர் வைக்கிறவர்களுக்கு, அதாவது உரைக்குப் பதில் ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டுப் பலகையில் மாட்டி, பக்கத்தில் நின்று விளக்குகிறவர்களுக்கு, இது இன்னும் பொருந்தும். வருகிறவர் நாலடி தள்ளி நிற்பார். முதலில் தலைப்பு, அப்புறம் உங்கள் கழுத்து அட்டை, கடைசியில்தான் உங்கள் முகம். அந்தச் சில நொடியில் நீங்கள் "சுருக்கமாகச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் நிற்பார், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த பலகைக்குப் போய்விடுவார். சொல்லவேண்டிய இரண்டு வாக்கியத்தைப் புறப்படும் முன்பே வாயில் பழக்கி வைத்திருக்க வேண்டும். ஏ0 தாளென்றால் 841க்கு 1189 மில்லிமீட்டர். பலகை நெட்டுவாக்கா, படுக்கைவாக்கா என்று அச்சுக்குக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். துணியில் அச்சிட்டால் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம், நீளக் குழாயைத் தோளில் சுமந்து திரிய வேண்டாம்.

விசா பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அழகான ஊர் பாதி ஐரோப்பாவில்தான் இருக்கிறது போல. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக்கெடு 15 நாள் முன்பு. அந்தக் கெடுவை நம்பி இருந்தவர்கள் உரையை ஆன்லைனில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்ஸ்ட்ராக்ட், அதாவது நீங்கள் அனுப்பிய ஆய்வுச் சுருக்கம், ஏற்கப்பட்டது என்று தகவல் வந்த அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள். அதற்கும் முன்னால், அந்த மாநாடு நிஜம்தானா என்று பாருங்கள். கடற்கரைப் படத்தைப் பெரிதாகப் போட்டு, எல்லாத் துறையையும் ஒரே தலைப்பில் அடைத்து, அனுப்பிய இரண்டே நாளில் "ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள்" என்று சொல்கிற கூட்டங்கள் நிறைய உண்டு. அமைப்புக் குழுவில் பெயர் இருப்பவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்டால் சாயம் வெளுத்துவிடும். தன் பெயர் அதில் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

சரி, ஊர் பார்ப்பதை எந்த நாளில் வைப்பது? மாநாடு முடிந்த மறுநாள் என்பார்கள் பலர். நான் முந்தின நாளுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பல நேர மண்டலங்களைத் தாண்டிப் போகிறவருக்கு, அதுவும் கிழக்கு நோக்கிப் போகிறவருக்கு, முதல் நாள் உடம்பு ஒத்துழைக்காது. வெளிச்சத்தில் நடந்து திரிந்தால் தூக்கமும் சீக்கிரம் சரியாகும், இரண்டாம் நாள் "இந்தப் பாதை நன்றாக இருக்கும், வருகிறீர்களா?" என்று மற்றவர்களைக் கூப்பிடவும் ஓர் இடம் கைவசம் இருக்கும். அறிமுகமில்லாதவரிடம் பேச்சுத் தொடங்கத் தயங்குகிறவருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

அந்தக் கூடுதல் நாளை அலுவலகத்தில் பயண அனுமதி கேட்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: இன்ன தேதி சொந்த விடுப்பு, அன்றிரவு அறை வாடகை என் செலவு. கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒருமுறை புருவம் உயர்த்துவார், அவ்வளவுதான். எழுதாமல் விட்டால், விமான டிக்கெட் தேதியும் மாநாட்டுத் தேதியும் ஏன் ஒத்துவரவில்லை என்று மாதக்கணக்கில் விளக்கம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போர்டிங் பாஸையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையும் கேட்பார்கள்.