விட்ட அதிகாரங்களுக்கு வட்டி இல்லை

புத்தாண்டு ஆராதனை முடிந்து, வருடத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்களில் பலர் அன்று இரவே ஒரு முடிவு எடுத்திருப்பார்கள்: இந்த வருடம் வேதாகமத்தை முழுவதும் வாசித்துவிட வேண்டும். நானும் எடுப்பேன். கணக்கு எளிதுதான். மொத்தம் 1189 அதிகாரங்கள். மற்ற நாள்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் டிசம்பருக்குள் வெளிப்படுத்தின விசேஷம் முடிந்துவிடும்.

ஆதியாகமம் கதைபோல ஓடிவிடும். யாத்திராகமத்தில் செங்கடல் வரைக்கும் சுகம். ஜனவரி கடைசி வாரத்தில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதனைக்காக அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளும் பாதங்களும் கொக்கிகளும் வந்துவிடும். பிப்ரவரி பிறக்கும்போது லேவியராகமம். தடிப்பா, அசறா, வெள்ளைப்படரா என்று ஆசாரியன் தோலைச் சோதித்துக்கொண்டிருக்கும் 13ஆம் அதிகாரத்தில்தான் நான் பெரும்பாலும் விழுவேன்.

பாவம், லேவியராகமத்தின் மேல் குற்றமில்லை. ஒருநாள் காய்ச்சல், மறுநாள் ஒரு கல்யாணம். மூன்றாம் நாள் வேதாகமத்தைத் திறந்தால் மூன்று அதிகாரம் ஒன்பதாகியிருக்கும். அதைப் பார்த்து மலைத்து மூடிவைத்தால் அடுத்த வாரம் முப்பது. இதற்கு வேதவாசிப்பு என்று பெயரா? கந்துவட்டி. கடன்காரனைக் கண்டு சந்து மாறிப் போகிறவன்போல, மேஜைமேல் இருக்கும் வேதாகமத்தைப் பார்க்காமலே கடந்துபோகப் பழகிவிடுகிறோம்.

சபைக்கு வருவதிலும் இதே கதைதான். நான்கு ஞாயிறு வராதவர் ஐந்தாவது ஞாயிறு தயங்கித் தயங்கி வருகிறார். வாசலிலேயே, "என்ன, ஆளையே காணோம்?" என்று ஒருவர் கேட்கிறார். சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார். வந்தவர் ஆறாவது ஞாயிறு வருவதில்லை.

அப்பா இறந்த பிறகு அவருடைய வேதாகமம் என்னிடம் வந்தது. தைலமும் பழைய தாளும் கலந்த வாசனை. வாசித்து முடித்த ஒவ்வொரு அதிகாரத்தின் கீழும் பென்சிலால் பொடி எழுத்தில் தேதி போட்டிருப்பார். எண்ணாகமம் 6இன் கீழே 12.3.84 என்று இருக்கிறது. 7இன் கீழே 2.2.85. நடுவில் ஏறக்குறைய பதினொரு மாதம்.

அம்மாவிடம் கேட்டேன். அது அப்பாவுக்கு வேலை போன வருடமாம். குடும்ப ஜெபத்துக்கு உள்ளே வராமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பாராம். பிறகு ஒருநாள் காலையில் தானாகவே எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, "நானும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை" என்றார் அம்மா. அந்த வாக்கியத்தை நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஆதியாகமத்துக்குத் திரும்பிப் போகவில்லை, விட்டதை ஈடுகட்ட ஒரே மூச்சில் பத்து அதிகாரம் வாசிக்கவும் இல்லை. ஆறுக்கு அடுத்தது ஏழு, அவ்வளவுதான்.

யோவான் 21ஐப் பாருங்கள். இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீஷன் பேதுரு பழைய தொழிலுக்கே திரும்பி, இரவெல்லாம் வலைபோட்டும் ஒன்றும் கிடைக்காமல் இருந்த விடியற்காலம். கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். ஆண்டவர் சீஷர்களைச் சாப்பிட அழைக்கிறார். "என்னை நேசிக்கிறாயா" என்று பேதுருவிடம் மூன்று முறை கேட்டது உண்மைதான். ஆனால் சாப்பாடு முடிந்த பிறகு கேட்டார்.

இப்படிச் சொன்னால் சோம்பேறிக்கு வசதியாகிவிடாதா என்றார் ஒரு நண்பர். காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவர் அவர். கேட்க உரிமை உண்டு. ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தானியேலின் சிங்கக் கெபியைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டாயிற்று. ராஜாவைத் தவிர யாரிடமும் வேண்டக்கூடாது என்ற கட்டளை வந்த அன்றும் தானியேல் ஜெபித்தது "தான் முன் செய்துவந்தபடியே" என்று எழுதியிருக்கிறதே, அந்த மூன்று வார்த்தைகளுக்காக ஒரு பிரசங்கம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 21 நாள் உபவாசக் கூட்டம் என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். 22ஆம் நாள் என்ன செய்வது என்று யாரும் ஒட்டுவதில்லை.

வேதாகமத்தை இந்திய மொழிகளில் பெயர்த்த ஆங்கில மிஷனரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்துக்கு வந்தார். அவருடைய ஊழியத்தில் முதல் வங்காளி ஞானஸ்நானம் பெற 1800 டிசம்பர் ஆகிவிட்டது. 1812 மார்ச்சில் செராம்பூர் அச்சுக்கூடம் தீப்பிடித்து, பல ஆண்டுகள் உழைத்து எழுதிய கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. மறுபடியும் உட்கார்ந்து எழுதினார். தனக்குத் தெரிந்ததெல்லாம் விடாமல் நடந்துகொண்டே இருப்பதுதான் என்று தம்பி மகனிடம் சொன்னவர் அவர். எரிந்துபோன வருடங்களை அவராலும் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அடுத்த பக்கத்தை எழுத முடிந்தது.

இந்த வருடமும் பிப்ரவரியில் லேவியராகமம் 13இல் நின்றுவிட்டேன். ஜூன் மாதம் 14இலிருந்து தொடங்கினேன், அப்பாவின் வேதாகமத்திலேயே. இன்று காலை எண்ணாகமம் 7. மொத்தம் 89 வசனங்கள். பன்னிரண்டு பிரபுக்கள் நாளுக்கு ஒருவராக ஒரே காணிக்கையைக் கொண்டுவருகிறார்கள்: 130 சேக்கல் (அந்தக் கால எடை அளவு) வெள்ளித்தாலம், 70 சேக்கலில் வெள்ளிக்கலம், பத்துச் சேக்கலில் பொன் தூபகரண்டி. அதே பட்டியல் பன்னிரண்டு முறை. ஏழாவது பிரபு வரும்போது கொட்டாவி வந்துவிட்டது. எழுந்துபோய்க் காப்பியைச் சூடாக்கிக்கொண்டு வந்து மீதி ஐந்து பேரையும் பார்த்து முடித்தேன். 2.2.85க்குப் பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டேன். பென்சில் முனை மழுங்கியிருந்ததால் என் எழுத்து கொஞ்சம் தடிமனாக விழுந்துவிட்டது.