லெஜூனை நினைக்கும்போது கோத்தியேவையும் சேர்த்தே நினைப்போம்

ஏப்ரல் 3, பிரெஞ்சு மரபியல் விஞ்ஞானி ஜெரோம் லெஜூனின் நினைவு நாள். 1994-இல், ஈஸ்டர் ஞாயிறன்று காலமானார். டவுன் சிண்ட்ரோம் (வளர்ச்சியையும் கற்றலையும் மெதுவாக்கும் ஒரு பிறவி நிலை) உள்ள பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்திருக்கும் குழுக்களில் இந்த நாளில் அவருடைய படம் சுற்றிவரும். கூடவே, “டவுன் சிண்ட்ரோமின் காரணத்தைக் கண்டுபிடித்த மேதை” என்று ஒரு வரியும் இருக்கும். அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவரைக் கொண்டாட வேண்டிய காரணம் வேறு என்பது என் எண்ணம்.

கண்டுபிடிப்பு எப்படி நடந்தது என்று பார்ப்போம். செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள். மனிதனுக்கு அவை 46 என்பதே 1956-இல்தான் உறுதியானது. பாரிஸின் துரூசோ மருத்துவமனையில் இருந்த பேராசிரியர் ரேமோன் துர்பன், டவுன் சிண்ட்ரோமுக்குக் குரோமோசோம் கோளாறு காரணமாக இருக்கலாம் என்று 1930களிலேயே சொன்னவர். அதை நிரூபிக்க வேண்டுமானால் செல்களை உடலுக்கு வெளியே வளர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆள் அங்கே இல்லை.

அப்போது வந்து சேர்ந்தவர்தான் மார்த் கோத்தியே. விவசாயக் குடும்பத்துப் பெண், குழந்தைகளின் இதய நோய்களைப் படித்த டாக்டர். பாஸ்டனில் ஓராண்டு இருந்தபோது செல் வளர்ப்பைக் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். நானே செய்கிறேன் என்று முன்வந்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சென்ட்ரிஃபியூஜ், சுமாரான ஒரு மைக்ராஸ்கோப். நிதி ஒன்றும் கிடையாது. சொந்தமாகக் கடன் வாங்கிக் கண்ணாடிச் சாமான்களை வாங்கினார். செல் வளர ஊட்டம் வேண்டுமே? ஒரு சேவலை வளர்த்து அதன் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்தார். முட்டைக் கருவிலிருந்து சாறு எடுத்தார். மனித சீரம் தேவைப்பட்டபோது தன் ரத்தத்தையே எடுத்துக்கொண்டார். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

1958 மே மாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் செல்களில் 47 குரோமோசோம்கள் தெரிந்தன. ஆனால் கோத்தியேவின் மைக்ராஸ்கோப்பில் படம் எடுக்க வழியில்லை. துர்பனிடம் வேலை பார்த்த இளம் ஆய்வாளர் லெஜூன், படம் எடுத்துத் தருவதாகச் சொல்லி ஸ்லைடுகளை வாங்கிப்போனார். 1959 ஜனவரியில் கட்டுரை வந்தது. முதல் பெயர் லெஜூன். நடுவில் கோத்தியே, அதுவும் எழுத்துப்பிழையோடு. கடைசியில் துர்பன். அதன்பிறகு விருதும் பதவியும் புகழும் லெஜூன் பக்கமே போயின. கோத்தியே அந்தத் துறையை விட்டுவிட்டுக் குழந்தை மருத்துவத்துக்கே திரும்பிவிட்டார்.

ஐம்பது ஆண்டு கழித்து, 2009-இல் அவரே தன் தரப்பை எழுதினார். 2014 ஜனவரியில் போர்தோ நகரில் ஒரு மாநாட்டில் அவர் பேச இருந்தார். லெஜூன் பெயரில் இயங்கும் அறக்கட்டளை, அந்தப் பேச்சைப் பதிவு செய்ய நீதிமன்ற அனுமதியோடு ஆட்களை அனுப்பியது. அமைப்பாளர்கள் பயந்து அவருடைய பேச்சையே ரத்து செய்துவிட்டார்கள். அப்போது அவருக்கு 88 வயது. அதே ஆண்டு, பிரான்ஸின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மின் நெறிமுறைக் குழு, கண்டுபிடிப்பில் லெஜூனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்று கருத்துச் சொன்னது. அறக்கட்டளை அதை ஏற்கவில்லை. 2022-இல் கோத்தியே இறந்தார்.

அப்படியானால் லெஜூனைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. அவருடைய பெருமை 1959-க்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அதைச் சொல்வதற்கு முன் என் வீட்டு விஷயம் ஒன்று. என் தங்கைக்கு டவுன் சிண்ட்ரோம். அப்பா, அம்மாவுக்கு முறைப்பையன். “சொந்தத்துல கட்டினா இப்படித்தான்” என்று ஒரு பக்கம், “மாசமா இருக்கும்போது கிரகணம் பாத்திருப்பா” என்று இன்னொரு பக்கம், எல்லாப் பேச்சும் அம்மா தலையில்தான் விழுந்தது. கேரியோடைப் (குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட் வந்தபோது, அதிலிருந்த படத்தில் குரோமோசோம்கள் சின்னச் சின்னக் கோடுகளாக ஜோடி ஜோடியாக அடுக்கப்பட்டிருந்தன. 21-ஆம் இடத்தில் மட்டும் மூன்று. டாக்டர் பேனா முனையால் அதைத் தொட்டுக் காட்டி, “செல் பிரியும்போது தற்செயலா நடந்தது. சொந்தத்துல கட்டினதால வந்ததில்லை. யார் மேலயும் தப்பு இல்லம்மா” என்றார். அம்மா அந்த ரிப்போர்ட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார்.

100-இல் 95 பேருக்கு விஷயம் இப்படித்தான். தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் இளம் தாய்மாருக்கும் பிறக்கும். மிகச் சிலருக்கு மட்டும் பெற்றோர் வழியாக வரலாம். அது எந்த வகை என்று சொல்வதும் இதே பரிசோதனைதான். பிரான்ஸிலும் அதுவரை, பெற்றோருக்குப் பால்வினை நோய் இருந்திருக்கும், குடிப்பழக்கம் இருந்திருக்கும் என்றெல்லாம் பேசினார்கள். கோத்தியேவின் ஸ்லைடு அந்தப் பேச்சுக்கு ஆதாரமே இல்லாமல் செய்தது.

லெஜூன் செய்தது என்னவென்றால், அந்தச் செய்தியைக் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ஆண்டுக்கணக்காக ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தார். பெரிய பெரிய விருது வாங்கிய விஞ்ஞானி, நோயாளியைப் பார்ப்பதைக் கடைசிவரை விடவில்லை. மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே இருந்தார், கிடைக்கவில்லை. 1960களின் கடைசியில் கருவிலேயே இதைக் கண்டுபிடிக்க முடியும் என்று ஆனபோது, தன் துறையே இந்தப் பிள்ளைகளைப் பிறக்கவிடாமல் செய்யப் பயன்படுமே என்று கலங்கினார். 1969-இல் அமெரிக்க மனித மரபியல் சங்கத்தின் வில்லியம் ஆலன் விருது கிடைத்தபோது, அங்கே ஆற்றிய உரையிலேயே அதை எதிர்த்துப் பேசினார். கைதட்டியவர்களே விலகிப்போனார்கள்.

கருக்கலைப்பு விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை. அந்த முடிவு வயிற்றில் சுமக்கும் பெண்ணுடையது, சட்டம் போட்டு யாரும் அவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றி யார், என்ன சொல்கிறார்கள்? ஸ்கேன் அறையிலேயே முகத்தைச் சுளித்துக்கொண்டு “எதுக்கும்மா வேண்டாத கஷ்டம்” என்று சொல்லிவிட்டால் அது ஆலோசனையா? என் தங்கை காலையில் தானே ஜடை பின்னிக்கொள்வாள், பக்கத்துக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருவாள். இதையும் அந்த அறையில் யாராவது சொல்ல வேண்டும். லெஜூனின் கேள்வி அந்த அளவில் இன்றும் அப்படியே நிற்கிறது.

அதனால் கோத்தியேவுக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பதால் லெஜூனுக்கு ஒன்றும் குறையாது. அவர் பெயரைக் காப்பாற்ற, 88 வயதுப் பெண்மணியின் வாயை மூடியிருக்கவும் வேண்டியதில்லை. உலக டவுன் சிண்ட்ரோம் தினத்தை மார்ச் 21-இல் வைத்ததே 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதால்தான். அடுத்த ஆண்டு அன்றைக்குப் போஸ்டர் போடுகிறவர்கள் இரண்டு படத்தையும் போடுங்கள். துர்பனையும் சேர்த்தால் இன்னும் சரி.

அப்புறம், இதைப் படிக்கும் யார் வீட்டிலாவது அண்மையில் இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், ஆறுதல் சொல்ல வருகிறவர்களை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம். முதலில் இதயத்துக்கு எக்கோ எடுங்கள். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு இதயத்தில் குறை இருக்கும், அதில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடலாம். தைராய்டு, காது, கண் மூன்றையும் பாருங்கள். தைராய்டை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் இன்பாக்ஸில் கேளுங்கள், எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.