0.35 என்ற எண்ணை நம்பலாமா?

ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணையாக குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடும், நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கெதிரான தடுப்பூசியைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். அது பலன் தரும் என்று எதை அளந்து முடிவு செய்தார்கள் என்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. ஆய்வக வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய மனக்குறை.

புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் நிமோசில் தடுப்பூசிக்கு 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி என்ற தரச் சான்று கிடைத்தது. அதற்கு அடிப்படையாக இருந்த காம்பியா நாட்டுப் பரிசோதனையில் எத்தனை குழந்தைகளுக்கு நிமோனியா வந்தது என்று எண்ணவில்லை; ரத்தம் எடுத்து, கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத்தான் அளந்தார்கள். அதுவே சரி. நல்ல தடுப்பூசி ஏற்கெனவே இருக்கும்போது, பாதிக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்காமல் யாருக்கு நோய் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது அறமாகாது. ஆனால், அதன் பிறகு எல்லாச் சுமையும் அந்த அளவீட்டின் தலையில்தான் விழுகிறது.

ஒரு மில்லிலிட்டர் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில், 0.35 மைக்ரோகிராம் ஆன்டிபாடி என்பதே அந்த அளவீட்டின் எல்லைக்கோடு. கலிபோர்னியா, அமெரிக்கப் பழங்குடியினர், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று பெரிய பரிசோதனைகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டது. தடுப்பூசிகளை ஒப்பிடுவதற்கான கோடு இது. தனியொரு குழந்தைக்குப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்று சொல்ல வந்ததல்ல.

கடைக்குக் கடை எடைக்கல் மாறினால் ஒரு கிலோவுக்கு என்ன மதிப்பு? இங்கும் அதே கதைதான். ஆன்டிபாடியை அளக்கும் சோதனைக்கு எலிசா என்று பெயர். அதற்கான 96 குழிகள் கொண்ட தட்டில் கிருமியின் சர்க்கரை உறையைப் படியவைத்து, சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து ஊற்றுகிறோம். கடைசியில் எழும் மஞ்சள் நிறத்தின் அடர்த்திதான் விடை. இந்த உறையை வைத்துத்தான் நிமோகாக்கஸை 19எஃப், 22எஃப் என்று பல வகைகளாகப் பிரிக்கிறார்கள். ஆனால், எல்லா வகைகளுக்கும் பொதுவான சி பாலிசாக்கரைடு என்ற செல்சுவர்ச் சர்க்கரை அந்த உறையோடு ஒட்டிக்கொண்டு வரும். அதற்கெதிரான ஆன்டிபாடி நம் எல்லோர் ரத்தத்திலும் உண்டு. அது பாதுகாப்புத் தருவதில்லை. நிறத்தை மட்டும் ஏற்றிக் காட்டும். அதனால்தான் சீரத்தை முதலில் சி பாலிசாக்கரைடோடும், பிறகு 22எஃப் வகையின் உறைச் சர்க்கரையோடும் கலந்து அந்த வீண் ஆன்டிபாடிகளை அகற்றும் முறை வந்தது. இந்த ஒரு படி எண்ணை எவ்வளவு மாற்றும் என்பதற்குச் சான்று: 22எஃப் சேர்த்துச் செய்யும் கிளாக்ஸோ நிறுவனத்தின் எலிசாவில் 0.20 வந்தால், அது 22எஃப் சேர்க்காத, உலக சுகாதார நிறுவனத்தின் பழைய முறையில் 0.35க்குச் சமம்.

எல்லோரும் ஒப்பிட்டுக்கொள்ள 89எஸ்எஃப் என்ற பொதுச் சீரம் இருந்தது. அது தீரும் நிலை வந்ததும், தடுப்பூசி போட்டுக்கொண்ட பெரியவர்களின் ரத்தத்திலிருந்து 007எஸ்பி என்ற புதிய சீரத்தைத் தயாரித்து, பல ஆய்வகங்கள் சேர்ந்து பழையதோடு பொருத்திப் பார்த்தன. நூற்றுக்கணக்கான தட்டுகள், புகழே இல்லாத உழைப்பு. விலை குறைந்த இந்தியத் தடுப்பூசி சாத்தியமானதில் இந்த உழைப்புக்கும் பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனால் அளவு மட்டும் போதாது. 2000இல் அமெரிக்காவில் வந்த, ஏழு நிமோகாக்கஸ் வகைகளுக்கெதிரான தடுப்பூசியில் 19எஃப் வகை இருந்தது. அதன் நெருங்கிய உறவான 19ஏ இல்லை. ஒன்று மற்றதற்கும் காவலாக இருக்கும் என்று நம்பினார்கள். எலிசாவில் 19ஏ வகைக்கும் ஆன்டிபாடி தெரிந்தது. அந்த ஆன்டிபாடியின் துணையோடு வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்கின்றனவா என்று பார்க்கும் ஆப்சோனோபேகோசைடிக் சோதனையிலோ பலன் மிகக் குறைவு. அடுத்த ஆண்டுகளில் 19ஏ நோய் அங்கே பெருகியது; 2010இல் வந்த பதின்மூன்றுவகைத் தடுப்பூசியில் அதைச் சேர்க்க வேண்டியதாயிற்று. உயிருள்ள செல்களும் முயல்குட்டிச் சீரமும் தேவைப்படுகிற, ஆய்வகத்துக்கு ஆய்வகம் எளிதில் மாறக்கூடிய கடினமான சோதனை இது. அதனாலேயே இதைத் தரப்படுத்தப் பொதுப்பணம் செலவிட வேண்டும் என்கிறேன்.

நோயாளிகளுக்கான பரிசோதனைகளில் நிலைமை இன்னும் மோசம். அடிக்கடி நிமோனியா வரும் குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் குறைபாடு உண்டா என்று அறிய, தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் ஆன்டிபாடியை அளக்கிறோம். முதல் ரிப்போர்ட் ஓரிடத்தில், இரண்டாவது வேறிடத்தில் என்று கொண்டுவரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். எந்த முறை, எந்த ஒப்பீட்டுச் சீரம் என்ற விவரம் இரண்டிலும் இருக்காது. அந்த இரண்டு எண்களையும் கழித்து ஒரு குழந்தையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடாது. அளக்கும் முறையையும் ஒப்பீட்டுச் சீரத்தையும் ரிப்போர்ட்டிலேயே அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். மருத்துவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் சீரத்தில் ஒரு பகுதியை உறையவைத்துப் பாதுகாக்கச் சொல்லுங்கள். இரண்டாவது மாதிரி வந்ததும் இரண்டையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே தட்டில் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.