எந்த ஊர் என்றால் திருவள்ளூர்

மகனுக்குப் பெண் பார்க்கிறோம். தரகர் கொண்டுவந்த குறிப்பில் நட்சத்திரம், படிப்பு, சம்பளம் எல்லாம் சரியாக இருந்தன. ஊர் என்ற இடத்தில் மட்டும் ‘சென்னை’ என்று போட்டிருந்தார்.

“நாங்கள் இருப்பது திருவள்ளூர் ஐயா.”

“லோக்கல் ரயில் போகிறதே அம்மா, அப்புறம் என்ன? சென்னைதான்.”

மகனும் தலையாட்டினான். எனக்குச் சுருக்கென்றது. சென்ட்ரலில் இருந்து 42 கிலோமீட்டர். இருபத்திரண்டு வருடங்களாக சீசன் டிக்கெட்டும் கையுமாக, காலையில் ஒன்றேகால் மணி நேரம், மாலையில் ஒன்றேகால் மணி நேரம் அந்தத் தூரத்தை அளந்தவள் நான். அது சென்னை இல்லை என்பது என் முழங்காலுக்கே தெரியும்.

அலுவலகத்தில் ஒருவர் சொல்வார், உங்கள் ஊர் தூங்குவதற்கு மட்டும் போகிற ஊர் என்று. அவரிடம் நான் கோபித்துக்கொண்டதில்லை. எங்கள் ஊர்ப் பெயரின் கதையே அதுதான் என்று அவருக்குத் தெரியாது. சாலிஹோத்திர முனிவர் ஒரு வருடம் உபவாசம் இருந்து, தை அமாவாசையன்று அரிசி மாவு படைத்து, அதிதிக்காகக் காத்திருந்தார். வந்த கிழவர் தன் பங்கைத் தின்றுவிட்டு, பசி அடங்கவில்லை என்று முனிவரின் பங்கையும் கேட்டு வாங்கித் தின்றார். முனிவர் மறுபடி ஒரு வருடம் பட்டினி. அடுத்த தை அமாவாசைக்கும் அதே கிழவர் வந்தார். சாப்பிட்டு முடித்ததும் களைப்பாக இருக்கிறது, படுக்க இடம் வேண்டும், “எவ்வுள்?” என்றாராம். எந்த அறை என்று பொருள். முனிவர் தன் குடிலைக் காட்ட, வீரராகவப் பெருமாள் அங்கேயே படுத்துவிட்டார். ஆழ்வார்கள் பாடிய எவ்வுள் இதுதான். திருஎவ்வுளூர் என்பது நாளாவட்டத்தில் திருவள்ளூர் ஆனது. இன்றும் அமாவாசைக்கு முந்தின இரவு கோயிலைச் சுற்றி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். நோய் தீர வேண்டிக்கொண்டு மூன்று அமாவாசை தொடர்ந்து வருகிறவர்கள் உண்டு. கடைசி வண்டியில் இறங்கி தேரடிப் பக்கம் போனால் அவர்களைப் பார்க்கலாம். தூங்க இடம் கேட்டவருக்காகவே பெயர் வைத்துக்கொண்ட ஊரைப் பார்த்து, தூங்கத்தானே போகிறீர்கள் என்றால் என்ன பதில் சொல்வது?

ரயிலும் எங்களுக்கு நேற்று வந்ததல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது எங்கள் ஊர் வழியாகத்தான். மின்சார ரயில் 1979-ல் வந்தது. அதற்குப் பிறகுதான் இங்கே குடியிருந்துகொண்டு தினமும் சென்னைக்குப் போய்வருவது ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சாத்தியமாயிற்று. 1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரும் ஆனோம். ஆனாலும் பாதி ஊர் விடியற்காலையில் ரயில் நிலையத்தை நோக்கித்தான் ஓடுகிறது.

மகளிர் பெட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவே வீண். அரக்கோணத்திலிருந்து வரும் வண்டி நிரம்பித்தான் வரும். எங்கள் ஊரிலேயே புறப்படும் வண்டி என்றால் ஜன்னலோரம் கிடைக்கும். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. புட்லூர் அக்கா, வேப்பம்பட்டு டீச்சர், திருநின்றவூர் பாட்டி. நான் ‘திருவள்ளூர்’. மாலை வண்டியில் புட்லூர் அக்கா நனைத்த வாழைநாரைப் பாலிதீன் பையில் சுருட்டி வைத்திருப்பார். உதிரி மல்லியை மடியில் கொட்டிக்கொண்டு, வண்டி எந்தக் குலுக்கு குலுக்கினாலும் விரல் தவறாமல் கட்டுவார். ஆவடி தாண்டும்போது கட்டிய சரத்தை முழங்கையில் வைத்து அளந்து, பெட்டியில் இருப்பவர்களுக்குத் துண்டு துண்டாகக் கிள்ளிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியவந்ததே, நான்கு நாள் அவரைக் காணவில்லை என்று நாங்கள் மூன்று பேர் புட்லூரில் இறங்கி விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோதுதான். காய்ச்சல். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, பூக்கட்ட ஆள் இல்லாமல் திண்டாடினீர்களா என்று கேட்டார்.

ஆனால் என் தெருவில் நான்காவது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தெருச் சாக்கடைக்காகக் கூடும் கூட்டம் எதற்கும் நான் போனதில்லை. எல்லாம் வேலைநாள் பகலில் நடக்கும் என்று ஒரு சாக்கு கைவசம் வைத்திருக்கிறேன். ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அன்றும் போகவில்லை, துணி துவைக்க வேண்டியிருந்தது. வந்து குடியேறியவர்கள் என்னைப் போல இருந்தால் தரகர் சென்னை என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவார்?

தினமும் கடந்து போகிற மண்ணைப் பற்றியாவது தெரிந்து வைத்திருக்கிறோமா? செவ்வாப்பேட்டை பக்கம் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே 1952-ல் வெளியான டி.கே.எம். 6 என்ற நெல் ரகம் தண்டுத்துளைப்பான் பூச்சியைத் தாங்கும். பிலிப்பைன்சில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தாய் தகப்பனில் ஒன்றாக வைத்துத்தான் 1969-ல் ஐ.ஆர். 20-ஐ வெளியிட்டது. என் வயதுக்காரர்களுக்கு ஐ.ஆர். 20 என்ற பெயர் தெரியாமல் இருக்காது. ‘டி.கே.எம்.’ என்பது திரூர்குப்பம் என்று எனக்கு எப்போது தெரிந்தது? அந்த வழியில் பதினாறு வருடம் போய்வந்த பிறகு, விவசாயம் படித்த ஒரு பெண் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொன்னபோது. இப்போது அந்தப் பக்கத்து வயல்களில் வெள்ளைக் கற்கள் நட்டு, ‘ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிடம்’ என்று பலகை வைக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் எந்த வாகனத்தில் என்று எந்தப் பலகையும் சொன்னதில்லை.

சென்னை குடிக்கிற தண்ணீரிலும் எங்கள் பங்கு உண்டு. கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கும் கொஞ்ச தூரத்தில் அத்திரம்பாக்கம். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-ல் ஆதிமனிதரின் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அவற்றில் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பதினைந்து லட்சம் ஆண்டு கணக்கு வைத்திருக்கும் இடத்தை, நானூறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு நகரத்தின் பின்கட்டு மாதிரிப் பேசுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

என் மகனோ ரயிலே ஏறுவதில்லை. அவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அவனுக்கும் சென்னைக்கும் உள்ள உறவு, வருடத்துக்கு நான்கு முறை தி.நகரில் துணி எடுப்பதோடு சரி. அவன் எந்தக் கணக்கில் சென்னைக்காரன்?

குறிப்பை வாங்கி, ‘சென்னை’யை அடித்துவிட்டு ‘திருவள்ளூர்’ என்று எழுதிக் கொடுத்தேன். தரகர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். “பக்கத்தில் ‘மின்சார ரயில் வசதி உண்டு’ என்றாவது போட்டுக்கொள்ளட்டுமா அம்மா?”

போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.