நரம்பைச் சுட்டால் முதுகுவலி ஆயுசுக்கும் வராதா?
"நரம்பைச் சுட்டுவிட்டால் முதுகுவலி ஆயுசுக்கும் வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. நரம்பைச் சுடுவது என்று சொல்லப்படும் ரேடியோஃப்ரீக்வென்சி (ரேடியோ அலையால் சூடேற்றும்) சிகிச்சையில், முதுகெலும்பின் சிறு மூட்டுகளிலிருந்து வலியைக் கடத்தும் மெல்லிய நரம்புக் கிளையைச் சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் செயலிழக்க வைக்கிறார்கள். அந்தக் கிளை மறுபடி வளரும். பலன் கிடைத்தவர்களுக்கே பெரும்பாலும் 6 முதல் 12 மாதம்தான். டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு இறங்கும் வலிக்கு இது வைத்தியமே இல்லை. 2017இல் வெளியான நெதர்லாந்து ஆய்வுகளில், உடற்பயிற்சியோடு இதைச் சேர்த்துச் செய்தும் சொல்லும்படியான கூடுதல் பலன் தெரியவில்லை.

எல்லா முதுகுவலிக்கும் இது பலிக்காது என்பதால்தான், வலி அந்தச் சிறு மூட்டுகளிலிருந்து வருகிறதா என்று அறிய, முதலில் அதே இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்கிறார்கள். அதில் வலி நன்றாகக் குறைந்தால்தான் அடுத்த கட்டம். அந்தச் சோதனையே இல்லாமல் நேராகச் சுடலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.