பிஸ்டனுக்கு என்ன கல்யாணமா?

பிஸ்டனில் படிந்த கரியை ஸ்க்ரூடிரைவரால் நோண்டாதீர்கள் என்று வியாசர்பாடி முழுக்க போஸ்டர் அடித்துத்தான் ஒட்ட வேண்டும் போலிருக்கிறது. என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் பிஸ்டனைக் கழற்றி ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கண்ணா, காலையில் நானே வந்து சுரண்டிக்கொள்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். காலையில் போனால் மெக்கானிக் அண்ணன் வாயெல்லாம் பல்லாக நிற்கிறார். "இன்னா தம்பி, புச்சு மாதிரி கீதுல்ல?"

பளபளக்கிறது. அதைப் பார்த்து மீசை ஒதுக்கலாம். கையில் வாங்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கோடு. முதலில் ஸ்க்ரூடிரைவர், அது போதாதென்று உப்புத்தாள், அதுவும் போதாதென்று கிரைண்டரில் ஒயர் பிரஷ் மாட்டி ஒரு சுற்று. சைலன்சர் பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டுவதற்காக மேலே போட்டிருக்கும் அம்புக்குறியையே காணோம், தேய்த்து அழித்துவிட்டார் மனுஷன். அலுமினியம்ணா அது! ஒவ்வொரு கோட்டிலும் இனி கரி சொந்த வீடு கட்டிக் குடியேறும். பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காருகிற பள்ளத்தில் ஹேக்ஸா பிளேடை விட்டு அகலமாக்கி வேறு வைத்திருக்கிறார். புது ரிங் அதில் லொடலொட, என்ஜினுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம், அதாவது கம்ப்ரஷன், கோவிந்தா. பழைய ரிங்கை உடைத்து அந்தத் துண்டாலேயே பள்ளத்தைச் சுரண்டுவது ஊரறிந்த வித்தை, அந்த ரிங் அவர் காலடியிலேயே கிடக்கிறது.

இத்தனை தேய்ப்பும் என்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் வாயைத் திறந்துபோட்டபடி அதன் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. தூள் உள்ளே விழாமல் ஒரு துணியைச் சொருகினால் சொத்தா அழிந்துவிடும்?

கேட்டால், "ஊறப்போட்டா லேட்டாவும் தம்பி." ஆகட்டுமே! ஆர்எக்ஸ் 100ங்க, 1996லேயே தயாரிப்பை நிறுத்திய வண்டி, இன்னும் ஒரு நாள் பொறுக்காதா? கரி கொஞ்சம் இளகியதும் மூங்கில் குச்சியைச் சீவிச் சுரண்டினால் வருகிற வரைக்கும் வரும். மிச்சக் கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பிஸ்டனுக்கு என்ன கல்யாணமா?

சரி, இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் என்ஜினில் உண்மையிலேயே அடைத்துக்கொள்கிற இடம் எது? புகை வெளியேறும் துவாரமான எக்ஸாஸ்ட் போர்ட்டும், சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புக் குழாயான பஃபிளும். அதில் கை வைத்தாரா? தார் மாதிரி ஒழுகிக்கொண்டு அப்படியே மூலையில் கிடக்கிறது. வெளியே தெரியாதே, அதை எதற்குத் தேய்ப்பானேன்!

அப்புறம் என்ன, வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குப் போய் வேறு பிஸ்டன் தேடலாம் என்று கிளம்பினால் பேருக்கு நாலு தூறல், அதற்குள் கணேசபுரம் சுரங்கப்பாதையில் முட்டியளவு தண்ணீர். சுற்றிக்கொண்டு போக ஆட்டோக்காரர் கேட்கிற காசுக்கு ரிங்கோடு பிஸ்டனே வந்துவிடும். இந்தத் தண்ணீரை எடுக்கவும் எவராவது ஸ்க்ரூடிரைவரோடு வருவார், பாருங்கள்.