ஐந்து வருடங்களை விழுங்கிய நினைவு மலர்

நம்மோடு படித்து மறைந்த நண்பனின் அந்தியேட்டியன்று (முப்பத்தோராம் நாள் கிரியை), கொழும்பு வெள்ளவத்தையில் தந்த நினைவு மலரை நீங்களும் புரட்டியிருப்பீர்கள். பேராதனையில் பொறியியல் கற்றார், 1996இல் கொழும்பில் நீரிறைக்கும் இயந்திர வியாபாரத்தை ஆரம்பித்தார் என்று ஒரே தாவலாகத் தாவிவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் நண்பன் உறங்கிக்கொண்டா இருந்தான்? அவனை ஒருமுறையும் சந்தித்திராத அரசியல்வாதியின் அனுதாபச் செய்திக்கு முழுப்பக்கம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் அவன் கழித்த யுத்த வருடங்களுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம் வரை தடையும் கட்டுப்பாடும். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த அந்தக் காலத்தில், கொழும்பு வேலையை உதறிவிட்டு அங்கேயே நின்றவன் அவன். சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும்படி பழைய இயந்திரங்களைத் திருத்தி, அகதி முகாம்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கியபோது, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த சனத்துக்குள் என் அம்மாவும் இருந்தார். நான் இங்கே கொழும்பில், தமிழரிடம் அப்போது கேட்கப்பட்ட பொலிஸ் பதிவுத் துண்டும் கையுமாக அறைக்குள் கிடந்தேன். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வளவில் மலசலகூடக் குழி வெட்டுவித்துக்கொண்டிருந்த அவன்தான் அம்மாவை அடையாளம் கண்டு, கிளாலிக் கடல்நீரேரி வழியால் வந்த ஒருவரிடம் அவருடைய கடிதத்தைக் கொடுத்தனுப்பினான். அம்மா உயிரோடிருக்கிறார் என்பதை அப்படித்தான் அறிந்தேன்.

"பழையதைக் கிளறாதீர்கள், பிள்ளைகள் இங்கே தொழில் செய்கிறார்கள்" என்கிறீர்கள். யுத்தகாலத்தில் அங்கே நின்றவன் என்றாலே சந்தேகப்படுவார்களோ என்ற அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் கிணற்றுக்குக் குளோரின் போட்டதும் குழி வெட்டியதும் எந்தச் சட்டத்தில் குற்றம்? "அவரே பேசியதில்லையே" என்கிறார் ஒருவர். தன் புகழைத் தானே பாட வெட்கப்பட்டவனின் அடக்கத்தை, நாம் மறைப்பதற்குச் சாட்டாக்குவதா? வியாபாரமும் சேவைதான் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. வன்னிப் பொடியன்களுக்கும் மலையகப் பிள்ளைகளுக்கும் கடையில் வேலை கொடுத்தான். 2002இல் வடக்குக்குப் போகும் ஏ9 பாதை திறந்ததும் கிளிநொச்சி விவசாயிகளுக்குக் கடனுக்கு இயந்திரம் அனுப்பி, பாதிப் பணத்தைக் கேட்கவே இல்லை. தண்ணீரில்லாத சனத்தோடு இருந்திராத ஒருவன் அப்படியா வியாபாரம் செய்வான்?

உண்மைக் காரணம் வேறென்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பட்சில் (ஒன்றாகப் படித்தவர்களில்) பாதிப்பேர் விமானம் ஏறினோம், மீதிப்பேர் கொழும்புக்கு ஓடிவந்தோம். அவன் நின்றான் என்று எழுதினால், அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று யாராவது கேட்டுவிடுவார்கள். டொரொன்டோவிலிருந்து மலர்வளையத்துக்குக் காசு அனுப்புவது அதைவிடச் சுலபம்.

ஆட்டைத் திவசத்துக்கு (முதலாமாண்டு நினைவுக்கு) மலர் மறுபடி அச்சாகுமாம். சாவகச்சேரி நாட்களை நானே எழுதித் தருகிறேன். இடமில்லையென்றால் அந்த அரசியல்வாதியின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்குங்கள். கோபிக்கமாட்டார், அவர் மலரைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்.